பக்கத்து சீட்டு அக்கா பாலம் ஏறிய கதை

அந்த ஓட்டுநர் பள்ளியில் கார் கற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேருக்கு, கற்றுக்கொடுக்கும் அக்காவின் முகம் நேராகப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஒரு காது, அதில் சின்னக் கல் தோடு, காதோரம் நரைத்த முடி, எதையோ மென்றுகொண்டே இருக்கும் தாடை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்க்கும்போது ஓரக்கண்ணில் தெரிந்தது அவ்வளவுதான். முதலாளியே போனில், "பக்கத்து சீட்டு அக்கா இருக்காங்க, பயப்படாம வாங்க" என்றுதான் ஆள் சேர்ப்பார். பாதி ஆயுளை அந்த சீட்டிலேயே உட்கார்ந்து கழித்தவளுக்கு அந்தப் பெயரில் வருத்தம் ஒன்றும் இல்லை.

அக்காவின் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் மறந்தாலும் அவள் வலது கால் மறக்காது. ஆனால் குரல் உயராது. ஒருத்தி நேராகப் போய் வேலிச் செடியில் முட்டினபோது, "பரவாயில்லம்மா, அந்தச் செடியும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கலாம்" என்றாள். இதற்காகவே மற்ற பள்ளிகளில் திட்டு வாங்கி அழுதவர்கள் எல்லாம் இங்கே வந்து சேர்வார்கள்.

அப்படிப்பட்டவளைப் பற்றி முதலாளிக்கு ஒரு புகார் வந்தது என்றால் அவருக்கே நம்ப முடியவில்லை.

புகார் கொடுத்தது ஆஸ்பத்திரியின் கண் வார்டில் வேலை செய்யும் ஒரு நர்ஸ். புகார் என்றும் சொல்ல முடியாது. லைசென்ஸ் பரீட்சைக்குப் போனபோது அதிகாரி அவளை ஊருக்கு வெளியே திருப்பி, ஆற்றுப் பாலத்தின் மேல் போகச் சொல்லியிருக்கிறார். பாலத்தின் வாசலிலேயே வண்டி நின்றுவிட்டது. பின்னால் வரிசையாக ஹார்ன். "இதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்ததே இல்ல சார்" என்று அவள் சொன்னதை அதிகாரி முதலாளியிடம் சொல்லிவிட்டார்.

முதலாளி அக்காவை உட்காரவைத்துக் கேட்டார்.

"அக்கா, இவங்க ஒருத்தர்னா விட்டுடுவேன். இப்பல்லாம் உங்ககிட்ட கத்துக்கறவங்க எல்லாரும் பாலத்துலதான் போய் நிக்கிறாங்க. உங்களுக்கு உயரம்னா பயமா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன? நூலகம், பெட்ரோல் பங்க், ரயில் நிலையம், மறுபடி நூலகம். செக்குமாடு கூட வழி மாத்திக் கேக்கும்."

முதலாளி நல்ல மனிதர். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து அவரே இறங்கி வந்தார். "வயசும் ஆகுதுல்ல. ஆபீஸ்ல உக்காந்து போன் எடுத்தாலும் போதும். மெத்தை வெச்ச நாற்காலி, ஃபேனுக்கு நேர் கீழ. யோசிச்சுப் பாருங்க. அந்த நர்ஸம்மா அடுத்த தடவை பரீட்சைக்குப் போறதுக்குள்ள பாலத்துல ஓட்டிப் பழக்கிட்டீங்கன்னா நாற்காலிப் பேச்சே வேண்டாம்."

பாலத்தின் இரண்டு கரைக்கும் நடுவில் கழிவறை இல்லை. விஷயம் அவ்வளவுதான். அதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

முதலில் வெறும் காற்றாகத்தான் தொடங்கியது, அடக்கினால் அடங்கவில்லை. பிறகு உள்ளாடையில் கறை. பிறகு ஒரு நாள், வளைவில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வயிறு முறுக்கி, பெட்ரோல் பங்கின் பின்பக்கக் கதவைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அக்காவின் ஊர் கழிவறைக்குக் கழிவறை தாவும் ஊராகிவிட்டது. எந்த வணிக வளாகத்தில் எந்த மாடியில் பூட்டு கிடையாது, எந்த நூலகம் மதியம் மூடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கறுப்பு உடை மட்டும் உடுத்தினாள். சீட்டில் மடித்துப் போட்ட துண்டை முதுகுவலிக்கு என்றாள். கைப்பையில் ஒரு மாற்றுடை எப்போதும் இருந்தது.

வயிறு காலியாக இருந்தால் ஆபத்து குறையும் என்று காலையிலும் மதியத்திலும் சாப்பிடாமல் இருக்கத் தொடங்கினாள். காலி வயிற்றில் வாய் நாறும். பக்கத்தில் ஆள் உட்கார்ந்திருக்கிறதே. அதற்காக நாள் முழுக்கச் சர்க்கரை இல்லாத சூயிங்கம். மயக்கம் வராமல் இருக்கக் காப்பி. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் பசியை ஒரே தட்டில் தீர்ப்பாள்.

வீட்டில் அவள் கணவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் சட்டகம் வளைத்துச் சரிசெய்கிற வேலை. மகள் வேறு ஊரில். உறவுக்காரர் வீடு, கடைத்தெரு என்று எதற்குக் கூப்பிட்டாலும் அக்கா வரமாட்டாள். படுக்கையிலும் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டாள். அவர் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டுவிடுவாரோ என்ற பயமும், கேட்கவில்லையே என்ற ஏக்கமும் ஒரே தலையணையில் கிடந்தன.

நர்ஸ் மறுபடி பாடத்துக்கு வந்தாள், அதே அக்காதான் வேண்டும் என்று கேட்டு. அக்கா கூசிப்போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு தெரு போனதும் நர்ஸ் யாரும் சொல்லாமலே வண்டியை நூலகத்து வாசலில் ஓரங்கட்டினாள்.

"ஏம்மா நிறுத்துனே?"

"இங்க வந்தா நீங்க இறங்குவீங்களே அக்கா."

அக்காவுக்குக் காது சூடானது. நர்ஸ் என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது எவ்வளவு பெரிய உபகாரம் என்று தெரிந்தவள் போல.

"பரீட்சையில தோத்துட்டு வீட்டுக்குப் போய் யோசிச்சேன். நாம போன ரோட்டையெல்லாம் மனசுல வரைஞ்சு பார்த்தா ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு கழிவறை. நான் இப்ப கண் வார்டுக்கு மாறிட்டேன். அதுக்கு முன்னாடி குடல் நோய்ப் பிரிவுலதான் இருந்தேன். எவ்வளவு நாளா அக்கா?"

"யார்கிட்டயும் சொல்லல" என்றாள் அக்கா.

"என்கிட்டயும் நீங்க சொல்லல. நானா கண்டுபிடிச்சேன். அதனால உங்க ரகசியம் இன்னும் பத்திரமாத்தான் இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் சூயிங்கத்தை விழுங்கிவிட்டாள்.

"இதுக்கு வைத்தியம் இருக்கா?"

"இல்லாமயா அதுக்குன்னு ஒரு பிரிவே வெச்சிருக்காங்க? வாரத்துல ஒரு நாள் அந்த வாசல்ல வரிசையைப் பாருங்க. உங்களுக்கு மட்டும்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு அங்க வந்து உக்காந்திருப்பாங்க."

அந்த வரிசையில் அக்கா போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் டை கட்டின ஒரு பெரிய மனிதர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. அவசரமாக வந்து முந்திக்கொள்கிறதா, தெரியாமலே கசிகிறதா, இளக்கமா கெட்டியா, ரத்தம் உண்டா என்று நேராகக் கேட்டார். அப்படிக் கேட்டதாலேயே அக்காவுக்குப் பதில் சொல்ல முடிந்தது. பிரசவத்தைப் பற்றிக் கேட்டபோதுதான் திகைத்தாள். மகள் பெரிய எடையில் பிறந்தாள், ஆயுதம் போட்டு இழுத்தார்கள், கிழிந்ததைத் தைத்தார்கள். அந்த மகளுக்கே இப்போது வேலை, குடித்தனம் என்று ஆகிவிட்டது.

"அன்னைக்குக் கிழிஞ்ச தசை அரைகுறையா ஆறியிருக்கும். இத்தனை வருஷம் எப்படியோ சமாளிச்சுது. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் தசை இன்னும் தளரும். இப்ப சொல்லிக் காட்டுது" என்றார் டாக்டரம்மா. விரல் வைத்துச் சோதித்தார். குழாய் விட்டுக் குடலைப் பார்க்க ஒரு நாள் குறித்தார். அதில் பயப்படும்படி எதுவும் இல்லை என்று வந்தது.

"அப்ப ஆபரேஷனா டாக்டர்?"

"அதுக்கு ஏன் அவ்வளவு அவசரம்? அதுக்கு முன்னாடி செய்ய நிறைய இருக்கு. நிறையப் பேருக்கு அதுவே போதும். ஆமா, வாயில என்ன?"

அக்கா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து காட்டினாள். "சர்க்கரை இல்லாததுதான்."

டாக்டரம்மா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். சர்க்கரைக்குப் பதிலாக அதில் சேர்க்கும் இனிப்பு, நாள் முழுக்க மென்றால் வயிற்றை இளக்கிவிடும். காப்பி குடலை விரட்டும். பட்டினி கிடந்து ஒரேயடியாகச் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம். "மூணையும் சேர்த்து நீங்களே அதைக் கிளப்பி விட்டுட்டு, அப்புறம் அடக்கலேன்னு தசையைக் குத்தம் சொன்னா எப்படி?"

நோய்க்குப் பயந்து செய்ததெல்லாம் நோய்க்கே தீனி போட்டிருக்கிறது. வெளியே வந்து அக்கா ஆஸ்பத்திரிப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே நிறுத்தவும் முடியுமே.

டாக்டரம்மா சொன்னபடி சூயிங்கம் போயிற்று; காப்பி காலையில் ஒன்றோடு நின்றது. வேளாவேளைக்குச் சாப்பாடு. மலம் கொஞ்சம் கெட்டிப்பட நார்ப்பொடி, கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்டி, நிறையத் தண்ணீரோடு. குடலின் ஓட்டத்தை நிதானப்படுத்தும் ஒரு மாத்திரை, டாக்டரம்மா சொன்ன அளவு மட்டும், அதிகம் போட்டால் கட்டிக்கொள்ளும் என்ற எச்சரிக்கையோடு. காலை உணவு முடிந்து கொஞ்ச நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், கழிவறையில் போய் உட்கார வேண்டும். முக்கக் கூடாது, காலுக்கடியில் ஒரு குட்டி முக்காலி இருந்தால் நல்லது.

முக்காலிக்குத்தான் கணவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, அவர் பக்கம் திரும்பாமல், எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். திரும்பிப் பார்த்தால் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என் மேல கோபம்னு நெனச்சேன்" என்றார்.

"எதுக்குங்க கோபம்?"

"அது தெரியாமத்தான் ஒவ்வொண்ணா நிறுத்திப் பார்த்தேன். குறட்டை வரக்கூடாதுன்னு ஒருக்களிச்சுப் படுத்தேன். துண்டைக் கதவுமேல போடறதை விட்டேன். உங்க அண்ணனைப் பத்திப் பேசறதைக்கூட விட்டாச்சு."

"அதை மட்டும் திரும்ப ஆரம்பிச்சுடாதீங்க" என்றாள் அக்கா. மறுநாள் அவர் கடையிலிருந்து ஒரு குட்டி முக்காலியோடு வந்தார். சின்னப் பிள்ளைகள் ஏறி நின்று கண்ணாடியில் முகம் பார்க்கிற முக்காலி. கடை முதலாளியிடம் என்ன சொல்லி வாங்கினார் என்று இன்றுவரை சொல்லவில்லை.

மிச்சம் இருந்தது தசைக்கான பயிற்சி. அதற்கு ஒரு பெண் இருந்தாள். இயன்முறை வைத்தியம் செய்கிறவள், எல்லோரும் பிசியோ என்பார்கள். விரல் பருமன்கூட இல்லாத ஒரு கருவியை உள்ளே வைத்து, வயிற்றில் இரண்டு ஒட்டுகளை ஒட்டி, எதிரே ஒரு திரையைத் திருப்பி வைத்தாள். பச்சைக் கோடு உள்தசை. சிவப்புக் கோடு வயிறு.

"காத்து வெளிய போகாம அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள இறுக்கி மேல இழுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. பச்சை மட்டும் ஏறணும்."

அக்கா இறுக்கினாள். சிவப்பு கூரையைத் தொட்டது. பச்சை ஒரு துள்ளு துள்ளிவிட்டு விழுந்துவிட்டது. திரும்பத் திரும்ப அப்படியே. பிசியோ திரையை விட்டுவிட்டு அக்காவையே உற்றுப் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம். வலது கால் எதுக்கு வேலை செய்யுது?"

அப்போதுதான் அக்காவே குனிந்து பார்த்தாள். பாதம் கட்டிலின் விளிம்பை மிதித்துக்கொண்டிருந்தது. தொடையும் பிட்டமும் கல்லாக இருந்தன.

"நீங்க கார் ஓட்டுவீங்களா?"

"ஓட்ட மாட்டேன். ஓட்டறவங்களை நிறுத்துவேன்."

விவரம் கேட்டதும் பிசியோவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இத்தனை வருடமாக நிறுத்து என்று மூளை சொன்னதெல்லாம் வலது காலுக்குத்தான். இப்போது உள்ளே இருக்கிற தசைக்குச் சொன்னாலும் கால்தான் ஓடிவந்து வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது. வயிறும் அதற்கு ஒத்து ஊதுகிறது. சரியான வேலையைத் தப்பான ஆள் செய்தால் எப்படி நடக்கும்?

பிசியோ ஒரு காகிதக் கோப்பையை எடுத்து அக்காவின் பாதத்துக்கும் கட்டிலின் விளிம்புக்கும் நடுவில் செருகினாள். "இது நசுங்கக் கூடாது. காலுக்கு லீவு குடுங்க."

முதல் சில வாரங்களில் அந்த அறையின் குப்பைத் தொட்டி நசுங்கிய கோப்பைகளால் நிறைந்தது. "ஆஸ்பத்திரிக்கு என்னால காப்பிச் செலவு ஆகுதுன்னு கணக்கு எழுதிடப் போறாங்க" என்றாள் அக்கா. பிறகு ஒரு நாள், எதையும் மிதிக்காமல், பல்லைக் கடிக்காமல், வண்டி நகரக் கிளட்சை விடச் சொல்லிக் கொடுக்கும்போது தானே சொல்வாளே, 'கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று, அந்த நிதானத்தில் உள்ளே இழுத்தாள். சிவப்பு படுத்தே கிடந்தது. பச்சை மெல்லத் தலை தூக்கி, ஏறி, நின்றது. பெரிய உயரம் இல்லை. ஆனால் நின்றது.

"இதுதான் அது" என்றாள் பிசியோ.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் உடம்பு தன்னைக் கைவிட்டுவிட்டது என்றே எண்ணியிருந்தாள். அந்த இருட்டுக்குள் ஒன்று, யாரும் கூப்பிடாமல், இத்தனை காலம் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்லலாமா, சொன்னால் பிசியோ என்ன நினைப்பாள் என்று யோசித்து, "கோப்பை நசுங்கலை" என்று மட்டும் சொன்னாள்.

இன்னொன்றும் பிசியோ கற்றுக்கொடுத்தாள். அவசரம் வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் அது உங்களைவிட வேகமாக ஓடும். இருக்கிற இடத்தில் இருங்கள், உள்ளே இறுக்குங்கள், மூச்சை விடுங்கள். அது அலை மாதிரி ஏறும், இறங்கும். இறங்கின பிறகு நடந்து போங்கள்.

பயிற்சி செய்யப் பக்கத்து சீட்டைவிட நல்ல இடம் இல்லை. யாராவது வியர்த்து விறுவிறுத்துக் கோட்டுக்குள் வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போது அக்கா உள்ளுக்குள் இறுக்குவதும் தளர்த்துவதுமாக இருப்பாள். வெளியே ஒருவருக்கும் தெரியாது. எல்லா நாளும் ஏறுமுகமாக இருந்தது என்று இல்லை. வணிக வளாகத்து மாடிப்படியில் ஒரு நாள் மறுபடி கைமீறிப் போயிற்று. வீட்டுக்கு வந்து, மெத்தை வைத்த நாற்காலிக்கே போய்விடுகிறேன் என்று கணவரிடம் சொன்னாள். அவர் துவைத்ததைப் பிழிந்துகொண்டே, "போ. ஆனா அந்த நர்ஸுப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு. என்னால அந்த முகத்தைப் பார்க்க முடியாது" என்றார். அவர் அந்த முகத்தைப் பார்த்ததே கிடையாது. அக்கா மறுநாள் வேலைக்குப் போனாள்.

மாதங்கள் போயின. விபத்துகளுக்கு இடையில் இருந்த நாள்கள் நீண்டுகொண்டே வந்தன. நர்ஸ் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பரீட்சைத் தேதியும் வந்தது. முந்தின நாள் முதலாளி சாவியைக் கொடுத்தார். ஆபீஸ் நாற்காலிக்குப் புது உறை போட்டிருந்தது.

"பாலம்" என்றாள் அக்கா, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு.

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "நிஜமாவா?"

"ரோட்டைப் பாரு."

பாலத்தில் ஏறும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. நடுப் பாலத்தில், கீழே ஆறு அகலமாகத் தெரிந்த இடத்தில், அடிவயிறு முறுக்கியது. ஓரங்கட்ட இடமில்லை, முன்னாலும் பின்னாலும் வண்டி. அக்கா உள்ளே இறுக்கினாள். மூச்சை விட்டாள். அலை ஏறியது. அந்த நேரம் பார்த்து ஒரு லாரி பக்கவாட்டிலிருந்து குறுக்கே நுழைந்தது. நர்ஸ் ஒரு கணம் உறைந்துபோனாள். அக்காவின் வலது கால் தன் வேலையைச் செய்தது, பிரேக் அழுந்தியது, வண்டி குலுங்கி வேகம் குறைந்தது. உள்ளே இருந்ததும் தன் வேலையைச் செய்தது. கால் கால்பாட்டுக்கு இருந்தது, அது அதுபாட்டுக்கு இருந்தது. இரண்டும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடவில்லை.

லாரி போய்விட்டது. கொஞ்ச தூரத்தில் அலையும் இறங்கிவிட்டது.

"அக்கா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? முகமே மாறிடுச்சு."

"நீ இல்லம்மா. லாரிக்காரன். அவனும் என்கிட்ட கத்துக்கிட்டு இருந்திருக்கலாம்."

நர்ஸுக்குப் புரிந்துவிட்டது. "உள்ள?" என்றாள்.

"நின்னுச்சு."

நர்ஸ் ஸ்டியரிங்கைத் தட்டப் போனாள். "ரெண்டு கையும் அதும்மேலயே இருக்கட்டும்" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் உடைந்தது. "உனக்கு நான் ஒரு..."

"இப்ப சொல்லாதீங்க அக்கா. நான் அழுதா வண்டி ஆத்துக்குத்தான் போகும்."

அக்கா சொல்லவில்லை. மனதுக்குள் சொன்னாள். பக்கத்தில் இருக்கிறவளுக்கு, சுற்றி வளைக்காமல் கேட்ட டாக்டரம்மாவுக்கு, கோப்பை வைத்த பிசியோவுக்கு, துவைத்துப் பிழிந்த கைகளுக்கு. அந்தப் பச்சைக் கோட்டுக்கும் சேர்த்துத்தான்.

பாலம் இறங்கியதும் அந்தக் கரைச் சாலை இரண்டாகப் பிரிந்தது. இரண்டு பக்கமும் மரங்கள், கட்டி முடிக்காத ஒரு கட்டடம், வேறொன்றும் இல்லை. எங்கே எது இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாத ஊர் அது.

"திரும்பிடலாமா அக்கா?"

"வேண்டாம். இந்தப் பக்கம் நான் வந்து வருஷக்கணக்காச்சு" என்றாள் அக்கா. "உனக்குப் பிடிச்ச பக்கம் திருப்பு. இண்டிகேட்டரைப் போட்டுட்டுத் திருப்பு."